வாசகர் கேள்வி பதில்: ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறீர்கள், யாரைப் பார்ப்பது?

உறக்கமின்மை பற்றி முன்பு எழுதிய பதிலின் கடைசி வரியில், தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர், எழுதுவது எளிது, யாரை, எங்கே, எப்படித் தேடுவது என்று சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 36. ஏழெட்டு மாதங்களாக எதற்கென்று தெரியாத படபடப்பு. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம்தான்; ஆனால் விடுமுறை எடுத்தபோதும் இது நிற்கவில்லை. இணையத்தில் தேடினால் மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சலர், தெரபிஸ்ட் என்று பல பெயர்கள் வருகின்றன. நான் யாரிடம் போக வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வாக்கியம், விடுமுறையிலும் அது நிற்கவில்லை என்பதுதான். சுமை இருக்கும்போது வரும் நெருக்கடியும், சுமை இறங்கிய பிறகும் இறங்காமல் தங்கிவிடும் பதற்றமும் ஒன்றல்ல. முதலாவதற்கு வேலையைக் குறைப்பதும், ஓய்வும், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுவதுமே பெருமளவு உதவக்கூடும். இரண்டாவதற்கு, அந்தப் பதற்றம் எதனால் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்கிறது என்று தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்படுகிறது. இதில் நம் மொழியும் கொஞ்சம் குழப்புகிறது. வேலை நெருக்கடியையும் மன அழுத்தம் என்கிறோம். வாரக்கணக்கில் எதிலும் பற்றில்லாமல் போகும் மனச்சோர்வையும் அதே சொல்லால் எழுதுகிறோம். ஆகவே ஆலோசகரிடம் பேசும்போது ‘எனக்கு மன அழுத்தம்’ என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். இப்போது எனக்கு எழுதியிருப்பதைப் போல, இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, விடுமுறையிலும் நிற்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வரிகளில் அவருக்குக் கிடைக்கும் தகவல் அதிகம்.

இனி பெயர்களைப் பார்ப்போம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். சிலர் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பார்கள், பலருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. மருத்துவ உளவியலாளர் உளவியலில் உயர்கல்வியும் நோயாளிகளோடு மேற்பார்வையில் பணியாற்றிய பயிற்சியும் பெற்றவர். பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுதமாட்டார், மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடைய வேலை. மனநலத் துறையில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களும் பல இடங்களில் இதே சிகிச்சையைத் திறம்படச் செய்கிறார்கள். கவுன்சலர், தெரபிஸ்ட் என்ற சொற்களில்தான் எச்சரிக்கை வேண்டும். சில நாடுகளில் உரிமம் இல்லாமல் அந்தப் பெயர்களைப் பயன்படுத்த முடியாது. பல நாடுகளில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு முடித்தவரும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, அவர் என்ன படித்தார், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் ஒருமுறை செல்வது நல்லது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும். அச்சு அசல் பதற்றம் போலவே இருக்கும். இரத்தசோகையும், இதயத் துடிப்பின் ஒழுங்கு மாறுவதும், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகளும், அளவில்லாத காபியும் அப்படியே. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு ஆறு மாதம் ஆலோசனைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மருத்துவரோ ஆலோசகரோ உங்களிடம் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டினால் தயங்க வேண்டாம். 2006இல் வெளியான ஜிஏடி-7 என்ற அளவுகோல் அது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது என்பன போன்றவற்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டால், கூட்டுத்தொகை அதிகபட்சம் 21 வரும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது தீர்ப்பு அல்ல, வெப்பமானியைப் போன்ற ஒரு கருவி. ஆனால் முதல் நாள் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், இரண்டு மாதம் கழித்து ஒப்பிட அது மிகவும் பயன்படும்.

உங்கள் நிலைக்கு என் பரிந்துரை: முதலில் பொது மருத்துவர், அடுத்து பதற்றத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு இது முற்றினால், அல்லது வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால், வரிசை பார்க்காமல் நேரே மனநல மருத்துவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நெருக்கமாக வந்தால் முன்பதிவுக்காகக் காத்திருக்கவே கூடாது. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ உங்கள் நாட்டின் உதவி எண்ணுக்கோ அந்த நேரத்திலேயே செல்ல வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்கு அருகில் இருப்பவர்களாக நான்கு எண்களைக் குறித்துவைத்திருக்கிறேன். மூன்று வாரமாகின்றன. எண்ணை அழுத்துகிறேன், மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுகிறேன். என்ன பேசுவது என்றே தெரியவில்லை. இணையத்தில் அதிக நட்சத்திரம் பெற்றவரிடமே நேரே போய்விடலாமா?

பதில்: பதற்றத்துக்கு உதவி கேட்க வேண்டும், உதவி கேட்பதே பதற்றமாக இருக்கிறது. நீங்கள் கோழை என்பதற்கு இது சான்றல்ல, இந்தத் தொந்தரவின் இயல்பே இதுதான். எண்ணைத் துண்டித்தவுடன் ஒரு நிம்மதி வந்திருக்குமே? அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் துண்டிக்கக் கற்றுக்கொடுக்கிறது. பேச முடியவில்லை என்றால் எழுதி அனுப்புங்கள். ‘எனக்கு இன்ன வயது, சில மாதங்களாகப் பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கின்றன, புதியவர்களைப் பார்க்கிறீர்களா, எப்போது நேரம் கிடைக்கும்?’ என்ற அளவுக்குச் செய்தி போதும். முழுக் கதையையும் அதில் சொல்ல வேண்டியதில்லை.

நட்சத்திரங்களை நான் நம்புவதில்லை. நல்ல ஆலோசகரிடம் பயனடைந்தவர்களில் பலர் அதைப் பொதுவெளியில் சொல்ல விரும்பமாட்டார்கள். தம்மிடம் வந்தவர்களிடம் பாராட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது உளவியலாளர்களின் பல நெறிமுறைகளில் இருக்கிறது. ஆகவே நிறைய பாராட்டு எழுதப்பட்டிருப்பதும் ஒன்றும் எழுதப்படாததும் திறமையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதைவிட நம்பகமான வழிகள் உண்டு. உங்கள் பொது மருத்துவரிடம், இதே தொந்தரவோடு வந்தவர்களை யாரிடம் அனுப்புகிறீர்கள், அவர்களில் குணமடைந்து வந்து சொன்னவர்கள் உண்டா என்று கேளுங்கள். உங்கள் நாட்டிலோ மாநிலத்திலோ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு இருந்தால், அதன் பட்டியலில் ஊர்வாரியாகத் தேடலாம். உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிற்சி நிலையில் இருப்பவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் சிகிச்சை அளிக்கும் பிரிவு இருக்கும். அங்கே கட்டணம் குறைவு. பயிற்சி நிலைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பைப் பற்றியும் மேலே ஒருவர் கேள்வி கேட்கிறார் என்பது உங்களுக்குப் பாதுகாப்பு. அலுவலகங்கள் சிலவற்றில் ஊழியர்களுக்கென்று சில சந்திப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கும், அதையும் விசாரியுங்கள்.

அருகில் இருக்க வேண்டும் என்று நீங்கள் பார்ப்பது சரியான யோசனை. வாரந்தோறும் போக வேண்டிய இடம் அது. போய்வரவே அரை நாள் ஆகுமென்றால் நான்காவது வாரத்தில் ஒரு காரணம் கிடைத்துவிடும். அருகில் யாரும் இல்லை என்றால் காணொளி வழியாகப் பேசலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பதற்றத்துக்குக் காணொளி வழியாகவும் நன்றாகப் பலனளிக்கிறது. வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையாவது வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு எண்களில் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். அவருடைய படிப்பும் பதிவும் என்ன, உங்களைப் போன்ற தொந்தரவு உள்ளவர்களோடு எவ்வளவு காலம் பணியாற்றியிருக்கிறார், எந்த முறையில் செய்கிறார், சுமார் எத்தனை சந்திப்புகள் ஆகும், கட்டணம் என்ன, வர முடியாத நாளில் எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள். இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கானவர்கள் நிதானமாகப் பதில் சொல்வார்கள். ‘நேரில் வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று மட்டும் சொல்பவரை, ‘மூன்றே சந்திப்பில் தீர்த்துவிடுவேன்’ என்பவரை, முதல் பேச்சிலேயே இருபது சந்திப்புக்கான பணத்தை மொத்தமாகக் கேட்பவரை விட்டு விலகுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: ‘எனக்குப் பலன் இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அப்போது என்ன செய்வீர்கள்?’ இதற்கு அவர் தரும் பதிலிலேயே நீங்கள் ஆளைத் தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: திடீர் திடீரென்று மூச்சு முட்டி, தலை சுற்றி, இறந்துவிடுவேன் என்ற பயம் வருகிறது. ஒரு பெண் உளவியலாளரிடம் போகிறேன். முதல் இரண்டு முறை பேச்சு. மூன்றாம் முறை, சுழலும் நாற்காலியில் என்னை உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றினார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடச் சொன்னார். பயத்தைக் குறைக்கப் போனால் பயத்தை வரவழைக்கிறார். இது என்ன சிகிச்சை? இவரை மாற்றிவிடலாமா?

பதில்: கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள். நீங்கள் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

இதயமும் நுரையீரலும் சரியாக இருக்கின்றன என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, இத்தகைய பீதித் தாக்குதலுக்குச் செய்யப்படும் முறையான பயிற்சி இது. தாக்குதலின்போது நடப்பதைப் பாருங்கள். ஏதோ ஒரு காரணத்தால் நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது; மாரடைப்போ என்று மனம் கேட்கிறது; பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது; மூச்சை வேகவேகமாக இழுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது; அதைப் பார்த்துப் பயம் உறுதியாகிறது. சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானாக இறங்கும் அலை இது. ஆனால் அதற்குள் நீங்கள் ஓடிவந்துவிடுவதால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று உடல் கணக்கு எழுதிக்கொள்கிறது. நாற்காலியும் உறிஞ்சுகுழலும் அந்தக் கணக்கைத் திருத்தும் கருவிகள். தலைசுற்றலை நீங்களே வரவழைத்து, ஓடாமல் உட்கார்ந்து, ஒன்றும் ஆகவில்லை என்று பலமுறை பார்த்த பிறகு, அதே தலைசுற்றல் வேறோர் இடத்தில் வரும்போது முன்போல மிரட்டுவதில்லை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் எண்ணங்களை ஆராய்ந்து உருவாக்கிய சிகிச்சைமுறையும், அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நடத்தைச் சிகிச்சையும் கலந்து வளர்ந்ததுதான் இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பதற்றத்துக்கு மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று.

இதுவரை அவர் பக்கம். இப்போது உங்கள் பக்கம். ஏன் சுற்றுகிறேன் என்று அவர் முன்கூட்டியே விளக்கி, உங்கள் சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை விளக்கியிருப்பார், பதற்றத்தில் உங்கள் காதில் விழாமல் போயிருக்கும். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்றில், சிகிச்சை உறவு மூன்று கால்களில் நிற்பதாகச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. உங்களுக்கு ஆட்டம் கண்டிருப்பது இரண்டாவது கால் மட்டுமே. ஆளை மாற்றுவதற்கு முன்னால், எனக்கு எழுதிய இதே வாக்கியங்களை அவரிடம் சொல்லுங்கள். ‘பயத்தைக் குறைக்க வந்தேன், நீங்கள் வரவழைக்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை.’ அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு தாளை எடுத்து, பயம் உடலையும் உடல் பயத்தையும் தூண்டும் அந்த வட்டத்தை உங்களுக்கு வரைந்து காட்டினால் தொடருங்கள். சந்தேகப்படுவதே உங்கள் நோய் என்று வாயை அடைத்தால் மாற்றிவிடுங்கள்.

பொதுவாக இந்த முறையில் 8 முதல் 20 சந்திப்புகள் ஆகலாம். ஒவ்வொன்றும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகும் எள்ளளவும் மாற்றமில்லை என்றால் அதை மேசைமேல் வைத்துப் பேசுவதே முறை. இடையில் அவர் தரும் வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் போய், பலனில்லை என்று சொல்வதும் முறையல்ல. பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்து பல் தேய்க்காமல் இருக்க முடியுமா?

கேள்வி: எங்களுடையது சிறிய ஊர். இருக்கும் ஒரே உளவியலாளர் என் சித்தப்பாவின் நண்பர். நான் சொல்வது வெளியே போகாது என்று எப்படி நம்புவது?

பதில்: அவர் ஒழுங்கானவராக இருந்தால், நீங்கள் வந்துபோனதையே யாரிடமும் சொல்லமாட்டார்; வழியில் பார்த்தால் நீங்களாக வணக்கம் சொல்லாதவரை அவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார். இரகசியம் காப்பதற்கும் சில விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தாலும், ஒரு குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரியவந்தாலும், நீதிமன்றம் ஆணையிட்டாலும் அவர் வெளியில் சொல்ல நேரலாம். இதன் விவரம் நாட்டுக்கு நாடு மாறும். முதல் சந்திப்பில் அவரே இதை விளக்க வேண்டும். விளக்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

இருந்தாலும், சித்தப்பாவின் நண்பர் வேண்டாம் என்பதே என் கருத்து. அவர் நம்பத்தகாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வந்ததும் உங்கள் நாக்கு தானாகவே திரும்பிக்கொள்ளும். ஏற்கெனவே வேறு வகையில் தொடர்புள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதை உளவியலாளர்களின் நெறிமுறைகளும் கூடியவரை தவிர்க்கச் சொல்கின்றன. காணொளி வழியாக வேறோர் ஊரில் இருப்பவரைப் பாருங்கள்.

கேள்வி: மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் வாழ்நாள் முழுவதும் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்கிறார்களே?

பதில்: இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றாகக் கலந்துவிட்ட பேச்சு இது. பதற்றத்துக்கு முதலில் எழுதப்படும், மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். போதையோ மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையோ தருவதில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்றவை வரலாம், ஆகவே மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பென்சோடயசெபின் வகை வேறு. அரைமணி, ஒருமணி நேரத்தில் அமைதி தரும். தொடர்ந்து எடுத்தால் உடல் பழகிவிடும், விடுவது கடினம். எழுதித் தந்தது எந்த வகை, எத்தனை நாளுக்கு என்று கேட்டு, சீட்டிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு ஓராண்டாகக் கடுமையான பதற்றம். வெளியே போவதையே நிறுத்திவிட்டார். ஆலோசகரிடம் போகலாம் என்றால், ‘நான் என்ன பைத்தியமா?’ என்று அழுகிறார். உடல் பரிசோதனை என்று சொல்லி அழைத்துப்போய்விடலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: வேண்டாம் தம்பி. பொய் சொல்லி அழைத்துப்போனால் அந்த ஒருமுறை மட்டும்தான் அக்கா வருவார். பிறகு ஆலோசகரையும் நம்பமாட்டார், உங்களையும் நம்பமாட்டார்.

நோயின் பெயரைச் சொல்லாமல், நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். ‘உனக்குப் பதற்ற நோய், சிகிச்சை எடு’ என்பதற்கும், ‘மூன்று மாதமாக நீ வாசல்படி தாண்டவில்லை, இரவில் நீ நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதை மறுக்கலாம், இரண்டாவதை மறுக்க முடியாது. கூட்டத்தில் சொல்லாதீர்கள், அவர் ஓரளவு அமைதியாக இருக்கும் நேரத்தில் தனியாகச் சொல்லுங்கள். அன்றே சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்று நெருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, வெளியே போக முடியாத ஒருவரை வெளியே வந்து சிகிச்சை பெறச் சொல்கிறோம். அதுவே அவருக்கு மலையாக இருக்கும். முதல் சில சந்திப்புகளைக் காணொளியில் வைத்துக்கொள்ள முடியுமா, வீட்டுக்கு வருவாரா என்று ஆலோசகரிடம் விசாரியுங்கள். அக்கா இப்போதைக்கு மறுத்தால், நீங்களோ அம்மாவோ தனியாக ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கலாம். பதற்றம் உள்ளவருக்காகக் கடைக்குப் போவது, தொலைபேசியை எடுப்பது, கதவைத் திறப்பது என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுக்கும்போது, அன்பினாலேயே அவருடைய உலகம் இன்னும் சுருங்குகிறது. எதை விட்டுக்கொடுப்பது, எதில் மெல்லப் பின்வாங்குவது என்று வீட்டாருக்கும் சொல்லித்தர ஆள் தேவை.

அவர் அரைமனதாகச் சம்மதிக்கும் நாள் வந்தால், நீங்களே பேசி நேரம் குறித்துவிடாதீர்கள். தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு இருவருக்கும் நடுவில் வையுங்கள். மேலே இன்னொரு வாசகருக்கு எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி அக்கா கையில் கொடுங்கள். முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவருக்குத் தோன்றினால் இரண்டாவதை அவர் கேட்கட்டும். தோன்றாவிட்டால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். அந்தக் குரல் பிடிக்கவில்லை என்று அவர் தலையசைத்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்துங்கள்.